அரக்குத் தட்டில் அடங்கிய காலம்

புத்தளக் கரையின் ஒலி வரலாறு: அத்தியாயம் 9

முந்தல், உடப்பு, ஆண்டிமுனை ஆகிய ஊர்களில் கரைவலைத் தொழிலோடு வளர்ந்த அம்பாப் பாட்டும், புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மஞ்சாப் பாட்டும் சென்ற அத்தியாயங்களில் ஆராயப்பட்டன. அவ்விரண்டும் இக்கரையிலேயே பாடப்பட்டு, பாடியவர் வாயிலிருந்து கேட்டவர் காதுக்கு நேரே சென்ற ஒலிகள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைத் தீவை வந்தடைந்த ஒலி வேறு வகையானது. அது கடலுக்கு அப்பால் வாசிக்கப்பட்டு, அரக்குத் தட்டில் பதிவாகி, கப்பலிலும் வானலையிலும் ஏறி வந்தது. அமெரிக்காவில் பிறந்த ஸ்விங் இசையும், அதை வாசித்த 'பிக் பேண்ட்' எனப்பட்ட பெரு வாத்தியக் குழுக்களும், அவற்றின் பதிவுகளைப் பிற்காலத்தில் ஒருங்கே திரட்டிய தொகுப்பு இசைத்தட்டுகளும் இந்த அத்தியாயத்தின் பொருள். மூன்று நிமிடத் துண்டுகளாகச் சிதறிக் கிடந்த ஓர் இசை, தொகுக்கப்பட்டதனாலேயே ஒரு காலத்தின் இசை என்ற உருவத்தைப் பெற்றது என்பதும், தொகுத்தவர்களின் கை எட்டாத இடங்களில் அதே இசை ஏறத்தாழ மறைந்தே போயிற்று என்பதும் இங்கு விளக்கப்படும்.

பெருங்குழுவின் அமைப்பு

ஸ்விங் என்ற ஆங்கிலச் சொல் ஊசலாட்டத்தைக் குறிப்பது. இசையில் அது ஒரு தாள நடையின் பெயராயிற்று. ஓர் அட்சரத்துக்குள் விழும் இரண்டு சுரங்களைச் சம அளவில் வாசிக்காமல், முன்னதை நீட்டியும் பின்னதைக் குறுக்கியும் வாசிப்பது இந்நடையின் அடிப்படை. கர்நாடக இசையில் பழகிய காதுக்கு இது, திஸ்ர நடையின் மூன்று மாத்திரைகளில் இரண்டை முதற் சுரத்துக்கும் எஞ்சிய ஒன்றை அடுத்ததற்கும் கொடுத்தது போல் ஒலிக்கும். ஆயினும் அந்த விகிதம் வேகத்துக்கேற்ப நெகிழ்வதால், தாளில் எழுதிய குறிப்பை மட்டும் கொண்டு அதைக் கற்றுவிட முடியாது. கேட்டே கற்க வேண்டும். அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் ஓர் ஊரின் நடையை மற்றோர் ஊர் கற்றுக்கொள்ள இசைத்தட்டும் வானொலியும் இன்றியமையாதவை ஆனதற்கு இதுவே காரணம்.

பெருங்குழுவில் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினேழு கலைஞர்கள் வரை இருந்தனர். சாக்சபோன்கள் ஓர் அணியாகவும், ட்ரம்பெட்டுகள் ஓர் அணியாகவும், நெடுங்குழலை முன்னும் பின்னும் நகர்த்தி ஊதும் ட்ரம்போன்கள் ஓர் அணியாகவும் அமர, பியானோ, கிட்டார், டபுள் பாஸ், டிரம்ஸ் ஆகியவை தாள அணியாக அவற்றைத் தாங்கின. ஓர் அணி ஒரு சிறு இசைச் சொற்றொடரை எழுப்ப, மற்றோர் அணி அதற்கு விடை கூறுவது போல் வாசிப்பது இக்குழுக்களின் தனி இலக்கணம். அடிமைத்தனத்தின் கீழ் வாடிய ஆபிரிக்க அமெரிக்கர்களின் வயல்வெளிப் பாட்டிலும் தேவாலயப் பாட்டிலும் வேரூன்றிய முறை இது. கரைவலையின் கயிற்றைப் பற்றியபடி ஒருவர் அடியெடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமானதாகத் தோன்றாது. இரண்டுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. பலர் கூடிச் செய்யும் வேலையின் மூச்சிலிருந்து பிறந்த இசை எங்கும் இத்தகைய வடிவத்தை நாடுகிறது என்பதே இந்த ஒற்றுமை உணர்த்தும் செய்தி.

பதினைந்து பேர் ஒரே நேரத்தில் மனம்போனபடி வாசித்தால் இரைச்சலே மிஞ்சும் என்பதால், எந்த அணி எப்போது வாசிக்க வேண்டும், தனிக் கலைஞர் கற்பனையாக வாசிப்பதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் 'அரேஞ்சர்' எனும் இசை வகுப்பாளர் இன்றியமையாதவரானார். 1920களில் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவில் டான் ரெட்மனும், பின்னர் ஹெண்டர்சனும் இந்த எழுத்துமுறைக்கு உருவம் தந்தனர். 1924இல் அக்குழுவில் சேர்ந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் வாசிப்பு, எழுதப்பட்ட இசையையும் ஊசலாட வைக்கும் வழியை ஏனையோருக்குக் காட்டியது.

அரக்கும் மூன்று நிமிடமும்

இந்த இசை பதிவான தட்டின் உடல் இந்திய மண்ணிலிருந்து சென்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அக்காலத் தட்டுகள், கல்தூளையும் கரியையும் அரக்கினால் பிணைத்து, சூட்டில் அழுத்தி வார்க்கப்பட்டவை. அரக்கு, மரக்கிளைகளில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். புரசு, இலந்தை முதலிய மரங்களில் அதை வளர்த்துச் சுரண்டி எடுப்பது சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்துப் பழங்குடி மக்களின் தொழில். அரக்கு மாளிகை எரிந்த கதையைப் பாரதத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலைச் சூழ வாழ்பவர்கள். தீயில் எளிதாக உருகும் அந்தப் பொருளே உலகத்தின் பாட்டையெல்லாம் அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்தது.

பத்து அங்குல விட்டமுள்ள தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இந்த வரம்பு இசையின் வடிவத்தையே தீர்மானித்தது. நடன அரங்கில் பத்து நிமிடம் வாசிக்கப்பட்ட உருப்படி, பதிவுக்கூடத்தில் ஒரு முகப்பு, இரண்டு தனி வாசிப்புகள், ஓர் உச்சம், ஒரு முடிவு என்று இறுகியது. டியூக் எலிங்டன் போன்ற மேதைகள் இந்த இறுக்கத்தையே கலையாக்கி, வெண்பாவின் நான்கு அடிக்குள் ஒரு முழு எண்ணத்தை அடக்கும் புலவரைப் போல், மூன்று நிமிடத்துக்குள் ஒரு முழு உலகத்தைக் காட்டினர்.

இந்தியாவில் முதல் கிராமபோன் பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் ஃப்ரெட் கைஸ்பெர்க்கால் செய்யப்பட்டன. 1908இல் அந்நகரின் சியால்டாவில் தட்டு வார்க்கும் ஆலை எழுந்தது; 1928இல் கிராமபோன் கம்பெனி டம்டமில் பெரிய ஆலையை நிறுவியது. ஸ்விங் இசை உலகை ஆளத் தொடங்குவதற்கு முன்பே, அதைத் தாங்குவதற்கான பொருளும் தொழில்நுட்பமும் இந்தத் துணைக்கண்டத்தில் தயாராக இருந்தன.

1935 முதல் 1946 வரை

ஸ்விங் காலத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் குறிக்கும் நாள் 1935 ஆகஸ்ட் 21. கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழு லாஸ் ஏஞ்சலிசின் பாலோமார் நடன மண்டபத்தில் அன்று பெற்ற வரவேற்பு அதற்குக் காரணம். அந்த வரவேற்புக்குப் பின்னால் வானொலி இருந்தது. நியூயார்க்கிலிருந்து இரவில் ஒலிபரப்பான நிகழ்ச்சி ஒன்றில் குட்மன் வாசித்த விறுவிறுப்பான உருப்படிகள், நேர வேறுபாட்டால் மேற்குக் கரையில் இளைஞர்கள் விழித்திருக்கும் பொழுதில் கேட்டன. ஆகவே அவரை நேரில் காணுமுன்பே அவரது இசையை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வாறு வாசிக்கப்பட்ட உருப்படிகளில் பலவற்றை வகுத்தவர், தம் சொந்தக் குழுவைப் பணமின்மையால் தொடர முடியாமற்போன ஃப்ளெட்சர் ஹெண்டர்சன். கறுப்பினக் கலைஞர் ஒருவரின் எழுத்து, வெள்ளையினக் குழுத் தலைவர் ஒருவரின் பெயரில் நாடெங்கும் ஒலித்தது என்ற இந்த உண்மையை ஸ்விங் வரலாற்றில் மறக்க இயலாது.

அதே வேளையில், நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் 1927 முதல் புகழ்பெற்ற டியூக் எலிங்டனும், கான்சாஸ் நகரிலிருந்து 1936இல் புறப்பட்ட கவுன்ட் பேசியும், சவோய் நடன மண்டபத்தில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைப் பாட வைத்த டிரம்ஸ் மேதை சிக் வெப்பும் அந்த இசையின் உயர்ந்த தரத்தை நிறுவினர். 1938 ஜனவரி 16 அன்று, மேற்கத்திய செவ்வியல் இசையின் கோயிலெனக் கருதப்பட்ட நியூயார்க் கார்னகி ஹாலில் குட்மனின் குழு வாசித்தது. எலிங்டன், பேசி ஆகியோரின் குழுக்களைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர்களும் அந்த மேடையில் அமர்ந்தனர். ட்ரம்போன் கலைஞர் கிளென் மில்லரின் குழு 1939இல் பதிவு செய்த 'இன் த மூட்' உலகெங்கும் பரவியது. 1941இல் அவர் பதிவு செய்த 'சட்டனூகா சூ சூ' பன்னிரண்டு இலட்சம் தட்டுகள் விற்றதைப் பாராட்டி, 1942 பிப்ரவரியில் தங்கப் பூச்சிட்ட தட்டு ஒன்று அவருக்கு வழங்கப்பட்டது.

புகழின் உச்சியிலேயே வீழ்ச்சியும் தொடங்கிற்று. இந்திய அரக்கு இரண்டாம் உலகப் போரின் தேவைகளுக்கும் வேண்டியிருந்ததாலும், கடல்வழி ஆபத்தானதாலும், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கு அரக்கைப் பயன்படுத்துவதை 70 விழுக்காடு குறைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று, தட்டுகளும் வானொலியும் கலைஞர்களின் பிழைப்பைப் பறிக்கின்றன என்ற குற்றச்சாட்டோடு, அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் பதிவு மறுப்பை அறிவித்தது. விக்டர், கொலம்பியா ஆகிய பெரும் இசைத்தட்டு நிறுவனங்களுடன் உடன்பாடு ஏற்பட 1944 நவம்பர் வரை ஆயிற்று. பாடகர்கள் அச்சங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்ததால், அவர்கள் கூட்டுக் குரல்களின் துணையோடு பதிவுகளைத் தொடர்ந்தனர். வாத்தியக் குழுவின் ஓர் உறுப்பாக இருந்த பாடகர், குழுவை மிஞ்சிய நட்சத்திரமாக மாறினார். கலைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டதும், பயணப் பேருந்துகளுக்கான பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்ததும், 1944இல் நடன விடுதிகளின் மீது 30 விழுக்காடு வரி விழுந்ததும் பெருங்குழுக்களின் பொருளாதாரத்தை முறித்தன. 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குப் பறந்த கிளென் மில்லர் விமானத்தோடு மறைந்தார். 1946 டிசம்பரில், சில வார இடைவெளிக்குள், குட்மன், டாமி டோர்சி, ஹாரி ஜேம்ஸ், வுடி ஹெர்மன் உட்படப் பலர் தம் குழுக்களைக் கலைத்தனர்.

பதிவு மறுப்பின் நடுவே ஒரு விலக்கு இருந்தது. படையினருக்காக மட்டும் தயாரித்து, வணிகத்துக்கு விடாமல், பின்னர் மூலப் பதிவுகளை அழித்துவிடுவது என்ற நிபந்தனையின் பேரில், 1943 முதல் 1949 வரை 'வி-டிஸ்க்' எனும் தட்டுகளுக்காகக் கலைஞர்கள் ஊதியமின்றி வாசித்தனர். பன்னிரண்டு அங்குல விட்டத்தில், அரக்குக்கு மாற்றாக வினைல் பொருளைக் கொண்டு பெரும்பாலும் வார்க்கப்பட்ட அத்தட்டுகள் எண்பது இலட்சத்துக்கு மேல் படைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டன. வணிகத் தட்டுகள் மௌனமாக இருந்த ஆண்டுகளில் அக்குழுக்கள் எப்படி ஒலித்தன என்பதற்குப் பிற்காலத் தொகுப்பாளர்கள் நாடிய முதன்மைச் சான்றுகளுள் இவை அடங்கும்.

இராசாளி இறங்கிய கரை

1942 ஏப்ரலில் கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பின், இலங்கையின் கரையோரங்களில் வான்தளங்கள் பெருகின. முந்தலுக்கு வடக்கே, புத்தளத்தை அடுத்த பாலாவியில், பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு ஒரு தளத்தை அமைத்தது. அப்பிரிவின் தளங்களுக்குப் பறவைகளின் பெயரைச் சூட்டும் மரபின்படி அதற்கு 'ராஜாலியா' என்ற பெயர் இடப்பட்டது. சிங்களத்தில் கழுகைக் குறிக்கும் அச்சொல்லும் தமிழின் இராசாளியும் ஓரினச் சொற்கள். அத்தளத்தில் விமானங்களை இழுத்துச் செல்ல யானைகள் பயன்படுத்தப்பட்டதைப் போர்க்காலப் புகைப்படங்கள் காட்டுகின்றன.

தீவெங்கும் முகாமிட்டிருந்த படையினரின் மனத்தைத் தளராமல் காப்பது தலைமையகத்தின் கடமைகளுள் ஒன்றாயிற்று. நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் டெல்லியிலிருந்து கண்டியை அடுத்த பேராதனைக்கு மாறியதைத் தொடர்ந்து, 'ரேடியோ சியாக்' என்ற படையினர் வானொலி கொழும்பிலிருந்து இயங்கலாயிற்று. தென்கிழக்காசியத் தலைமையகம் என்ற ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய சுருக்கமே சியாக் என்பது. பிற்காலத்தில் பிபிசியில் இசைத்தட்டு நிகழ்ச்சிகளால் பெயர்பெற்ற டேவிட் ஜேக்கப்சும் டெஸ்மண்ட் கேரிங்டனும் இந்நிலையத்தில் பணியாற்றியவர்கள். ஜா-எலயை அடுத்த ஏக்கலவில் இதற்கென அமைந்த 100 கிலோவாட் ஒலிபரப்பி, ஆசியாவின் பெரும் பகுதியை எட்டும் ஆற்றல் கொண்டிருந்தது.

1949இல் இந்நிலையம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட்டின் நிர்வாகத்தில், 1950இல் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது. படையினருக்குப் பாட்டு வழங்க எழுப்பப்பட்ட கோபுரத்திலிருந்து, எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் தமிழ்க் குரல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டின் வீடுகளுக்குச் சென்றது. போர் விட்டுச் சென்ற பொருள்களில் மக்களின் அன்றாட வாழ்வுக்கு மிகுந்த இன்பம் சேர்த்தது அந்த ஒலிபரப்பியே எனக் கூறலாம்.

தொகுப்பு எனும் செயல்

இசையுலகில் 'ஆல்பம்' என்ற சொல் முதலில் புகைப்படத் தொகுப்பைப் போன்ற ஒரு புத்தகத்தையே குறித்தது. நான்கைந்து அரக்குத் தட்டுகளைத் தனித்தனி உறைகளில் செருகி, கெட்டியான அட்டையிட்டுத் தைத்த அப்புத்தகங்களின் விற்பனையை 1945 மார்ச் முதல் அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் தனிப் பட்டியலாக வெளியிடலாயிற்று. கிளென் மில்லரின் முந்தைய பதிவுகளைத் திரட்டி விக்டர் நிறுவனம் அவ்வாண்டில் வெளியிட்ட தொகுப்பு அப்பட்டியலில் முதலிடம் பெற்றது. மறைந்த கலைஞர் ஒருவரின் சிதறிய தட்டுகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும் விருப்பம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை அந்த வரவேற்பு காட்டியது.

1948இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட எல்.பி. எனும் நெடுந்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையைத் தாங்கியபோது, தொகுப்பு என்ற செயலுக்கே புதிய பொருள் பிறந்தது. பன்னிரண்டு பதிவுகளை இடையில் தட்டு மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க முடிந்ததால், எதை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்ற வரிசையும் ஒரு கருத்தைச் சொல்லத் தொடங்கிற்று. 1938 கார்னகி ஹால் கச்சேரியின் பதிவு 1950இல் இரட்டை எல்.பி.யாக வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. 1950களில் மில்லரின் பதிவுகள் ஐந்து எல்.பி.கள் கொண்ட பெட்டியாக வந்தன. டைம்-லைஃப் நிறுவனம் 1970 முதல் 'த ஸ்விங் எரா' என்ற பெயரில் தொடர் தொகுப்புகளை வெளியிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மூலப் பதிவுகள் ஆகா. பழைய வாசிப்புகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, பில்லி மே முதலியோரின் தலைமையில் ஸ்டீரியோ முறையில் மீண்டும் வாசித்தவை. 1983இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக கந்தர் ஷுல்லரும் மார்ட்டின் வில்லியம்சும் தொகுத்த பெட்டியோ, மூலப் பதிவுகளையே திரட்டி, விரிவான விளக்க நூலோடு அக்காலத்தை ஆராய்ச்சிப் பொருளாக உயர்த்தியது. ஆகவே ஒரு தொகுப்பைக் கையில் எடுப்பவர் அதில் உள்ளது மூலப் பதிவா, மறுவாசிப்பா, எந்த ஆண்டினது, வாசித்தவர் யார் என்பவற்றை உறையின் பின்பக்கத்தில் படித்து அறிய வேண்டும்.

தொகுப்பு ஒரு காலத்தை உருவாக்கும் என்பதைத் தமிழர்களைப் போல் அறிந்தவர் அரிது. சங்க காலம் என்று இன்று வழங்கும் காலத்தின் பாடல்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தலைமுறைகளில், வெவ்வேறு புலவர்களால் பாடப்பட்டவை. அவற்றை அடியளவு கொண்டு பிரித்து, நான்கு முதல் எட்டு அடி வரை உள்ளவற்றைக் குறுந்தொகை என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ளவற்றைப் பொதுவாக நற்றிணை என்றும், அதற்கு மேற்பட்டவற்றை அகநானூறு என்றும் தொகுப்பாளர்கள் சேர்த்து வைத்ததனாலேயே அவை ஒரு காலமாகக் காட்சி தருகின்றன. பாடிய புலவரின் பெயரோடு தொகுத்தவர் பெயரையும், தொகுப்பித்தவர் பெயரையும் தமிழ் மரபு தனித்தனியே காத்து வைத்தது; குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்றும் இன்றும் சொல்ல முடிகிறது. தொகையில் இடம் பெறாத பாட்டுகள் எத்தனை அழிந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், தொகுப்பவரின் பொறுப்பு விளங்கும்.

ஸ்விங் தொகுப்புகளில் இந்தப் பொறுப்பு எப்போதும் நிறைவேறவில்லை. மிகப் புகழ்பெற்றவை என்ற அளவுகோலைக் கொண்டு தொகுத்த நிறுவனங்கள், விற்றதையே மீண்டும் விற்றன. மீண்டும் விற்றது மேலும் புகழ்பெற்றது. சிக் வெப்பும் ஹெண்டர்சனும் பின்னுக்குச் செல்ல, மில்லரின் ஐந்தாறு உருப்படிகளே அக்காலத்தின் முழுக் குரலாகப் பலருக்கு நிலைத்துவிட்டன.

கல்கத்தா வாசித்தது

இவ்வாறு விடுபட்டவற்றுள் ஆசியாவின் பங்கும் ஒன்று. 1926இல் ஜிம்மி லெக்கீமின் கிராண்ட் ஹோட்டல் குழு கல்கத்தாவில் பதிவு செய்த தட்டு, இந்தியாவில் பதிவான தொடக்ககால ஜாஸ் தட்டுகளுள் ஒன்று. 1930களில் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் லியோன் ஆபி, கிரிக்கெட் ஸ்மித் ஆகிய கறுப்பின அமெரிக்கக் கலைஞர்களின் குழுக்கள் வாசித்தன. சொந்த நாட்டில் நிறத்தின் பெயரால் வாயில்கள் அடைபட்டிருந்த காலத்தில், இத்தகைய கலைஞர்கள் ஆசியத் துறைமுக நகரங்களில் தலைமை இடத்தைப் பெற்றனர். அவர்களுள் தலைசிறந்தவர் பியானோ மேதை டெடி வெதர்ஃபோர்ட். 1903இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்து, சிகாகோவில் பெயரெடுத்து, 1926இல் ஆசியாவுக்குப் புறப்பட்ட அவர், ஷாங்காய், பம்பாய் நகரங்களில் வாசித்த பின், போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் ஒரு பெருங்குழுவை நடத்தினார். அந்நகரில் அவர் பல தட்டுகளைப் பதிவு செய்தார். நேசநாட்டுப் படையினருக்காகவும் ஒலிபரப்பினார். 1945 ஏப்ரல் 25 அன்று, நாற்பத்தொரு வயதில், காலராவினால் அங்கேயே உயிர்நீத்தார்.

அவருடைய பெயர் அமெரிக்கத் தொகுப்புகளில் அரிதாகவே காணப்பட்டது. 1980களில் பிரித்தானியாவின் ஹார்லெக்வின் நிறுவனம், 1926 முதல் 1944 வரை இந்தியாவில் பதிவான ஜாஸ், நடன இசைத் தட்டுகளைத் தேடித் திரட்டி ஒரே எல்.பி.யாக வெளியிட்ட பிறகே, லெக்கீமும் வெதர்ஃபோர்டும் ஒரு வரலாற்றின் உறுப்பினர்களாகக் கண்ணில் பட்டனர். 2012இல் நரேஷ் பெர்னாண்டஸ் எழுதிய 'தாஜ்மகால் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற நூல் பம்பாயின் ஜாஸ் காலத்தை விரிவாக மீட்டது. சேமிப்பாளர்களின் அலமாரிகளில் கிடந்த சில டஜன் அரக்குத் தட்டுகள் ஒன்றுகூடியதும், இந்தியாவுக்கும் ஒரு ஸ்விங் காலம் இருந்தது என்ற உண்மை நிலைபெற்றது.

அக்குழுக்களில் வாசித்தும் அவர்களிடம் கேட்டும் பயின்ற கோவாக் கலைஞர்கள், நடன விடுதிகளின் வருமானம் குன்றியபோது திரைப்பட இசைக் கூடங்களை நாடினர். இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் எனப் பாராட்டப்பட்ட ட்ரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுடன் பணியாற்றி, 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தில் பெருங்குழுவின் ஒலியைத் திரைப்பாடலாக்கினார். அதே சி. ராமச்சந்திரா இசையமைப்பாளராக அறிமுகமானது தமிழ்ப் படங்களின் வழியாகவே. அவற்றுள் ஒன்றான 'வனமோகினி'யில் நடித்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கே. தவமணி தேவி. ட்ரம்பெட் அணி கேட்க சாக்சபோன் அணி விடை கூறும் அந்த இலக்கணம், பம்பாயிலும் சென்னையிலும் பதிவான பாட்டுகளுக்குள் புகுந்து, ரேடியோ சிலோன் வழியாக இத்தீவின் வீடுகளுக்குள் வந்தது. ஸ்விங் என்ற பெயரை ஒருபோதும் கேட்டிராதவர்களும் அதன் ஒலியை நன்கு அறிந்திருந்தனர்.

1963இல் அமெரிக்க அரசின் பண்பாட்டுப் பயணமாக டியூக் எலிங்டன் தம் குழுவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி கொல்லப்பட்டதால் இடையில் நிறுத்தப்பட்ட அப்பயணத்தின் நினைவுகளிலிருந்து உருவான 'ஃபார் ஈஸ்ட் சூட்' 1967இல் வெளிவந்தது. இந்தக் கரைகளிலிருந்து அரக்கைப் பெற்றுப் புகழடைந்த ஓர் இசை, இறுதியில் இக்கரைகளின் ஒலியையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

அலமாரியில் உள்ளவை

கலையின் தரம் ஒரு பதிவை வாழ வைப்பதற்குப் போதாது என்பது இந்த வரலாற்றின் தீர்ப்பு. தேடி எடுத்து, ஆண்டையும் பெயரையும் சரிபார்த்து, பிறவற்றோடு வரிசைப்படுத்தி வைக்கும் ஒருவர் இல்லையேல், மேதையின் வாசிப்பும் உடைந்த தட்டோடு போய்விடும். வெதர்ஃபோர்டைக் காத்தது, அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொகுப்பாளர் எடுத்துக்கொண்ட உழைப்பு. அம்பாப் பாட்டுக்கும் மஞ்சாப் பாட்டுக்கும் அதே உழைப்பு தேவை.

முந்தல், உடப்பு, சிலாபம், புத்தளம் பகுதிகளில் பழைய அரக்குத் தட்டுகளோ, ஒலிநாடாக்களோ வைத்திருப்பவர்கள் சில செயல்களை உடனே செய்யலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகங்களைப் போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும் ஆதலால் அதைக் கொண்டு துடைக்கலாகாது. வெயிலும் உப்புக்காற்றும் படாத உட்சுவர் அலமாரியே அவற்றுக்கு ஏற்ற இடம். ஒலிநாடாவாயின், பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பதிவு செய்தார் என்ற நான்கு விவரங்களையும் உறையின் மேல் இன்றே பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். கரைவலைக் கயிற்றைப் பற்றி அடியெடுத்துப் பாடிய முதியவர்களின் நினைவு உயிரோடு இருக்கும்போதே அந்த நான்கு விவரங்களைக் கேட்டறிய முடியும்.